பின்சக்கரத்து வளையமும் சாலை வளைவும்



உங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறதல்லவா? நேரம் கிடைக்கும்போது அதன் அருகே சென்று சற்றுக் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் சுருள்வில்லுடன் கூடிய இரண்டு ஷாக் அப்ஸார்பர்கள் இருக்கும். பெரும்பாலான நூறு சி.சி. வண்டிகளில் அந்தச் சுருள்வில்லின் அடிப்பாகத்தில் ஓர் இரும்பு வளையத்தைக் காண்பீர்கள். அதன் விளிம்பு படிக்கட்டுப் போல வெட்டப்பட்டிருக்கும். பொதுவாக ஐந்து படிகள். வண்டி கடையிலிருந்து வந்த நாளில் எந்தப் படியில் இருந்ததோ, அதே படியில்தான் அது இன்றும் இருக்கக்கூடும். அந்த வளையத்தைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர், அதிலும் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர், இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் குடும்பங்களில் மனைவியும் மக்களும் மாமியாரும் ஏறிச் செல்வது இந்த வாகனத்தில்தானே! பெண் பார்க்கப் போவதும், பிரசவத்துக்குக் கொண்டுபோய் விடுவதும், பெருநாள் ஜவுளி எடுத்து வருவதும் இதில்தான். இதை முழுக்க முழுக்க மெக்கானிக்கின் கையில் விட்டுவிடுவது எனக்கு உடன்பாடானதன்று.

நமது புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளை நீங்கள் அறிவீர்கள். மலைச்சாலைகளின் ஊசிமுனை வளைவுகள் இங்கே இல்லை. ஆனால் கண்மாய்க் கரையை ஒட்டித் திடீரென்று திரும்பும் சாலைகள் உண்டு. இருபுறமும் புளியமரம் நின்று, எதிரே வருவதை மறைக்கும் வளைவுகள் உண்டு. தார் முடிந்த இடத்தில் செம்மண்ணும் சரளையும் தொடங்கும். கடற்கரைப் பக்கம் போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நீளுகிறது. அங்கே மீன்பெட்டியும் பனிக்கட்டியும் ஏற்றிய சிறு வண்டிகள் விடியற்காலையில் விரைவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி பின்சக்கரத்தின் அச்சையும் தாண்டிப் பின்னால் தொங்க, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுவது போலத் தோன்றும். நம் குடும்ப வண்டிகளிலும் சற்றுக் குறைந்த அளவில் இதே நிலைதான் ஏற்படுகிறது.

ஏன் என்று பார்ப்போம். பின்னால் அமர்பவரின் எடை ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. முன்சக்கரத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆகவே வண்டியின் பின்பாகம் தாழ்கிறது. முன்பாகம் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. வண்டி முழுவதும் மூக்கைத் தூக்கியபடி சற்றே மல்லாந்து விடுகிறது. இதனால் இருக்கையின் உயரம் மட்டுமா மாறுகிறது? வண்டி திரும்பும் குணமே மாறிவிடுகிறது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்பகுதி ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கைப்பிடி எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சை ஒரு கோடாக நினைத்துத் தரை வரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு சாண் அளவுக்கும் குறைவான தூரத்தில், சற்று முன்னால் அந்தக் கோடு தரையில் முட்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்த இடைவெளி 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். டயர் எப்போதும் அந்தப் புள்ளியின் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் கட்டிலின் சிறு சக்கரங்கள், தள்ளும் திசைக்கு ஏற்பத் தாமே திரும்பிப் பின்தொடர்கின்றனவே, அதே தத்துவந்தான். நேர்ச்சாலையில் ஒரு கையை எடுத்தாலும் வண்டி நேராகவே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடைவெளி கூடினால் வண்டி நேராகப் போகவே விரும்பும், திரும்ப மறுக்கும். குறைந்தால் சட்டென்று திரும்பும்; அளவு மீறிக் குறைந்தால் நிலைகொள்ளாமல் தத்தளிக்கும். பின்பாகம் தாழும்போது ஃபோர்க்கின் சாய்வு கூடுகிறது. சாய்வு கூடும்போது இந்த இடைவெளியும் கூடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு சி.சி. வண்டியில் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 1,240 மில்லிமீட்டர். பின்பாகம் 27 மில்லிமீட்டர் தாழ்ந்தால், அதாவது ஓர் அங்குலமும் சற்றும், ஃபோர்க்கின் சாய்வு ஒன்றேகால் பாகை கூடும். இடைவெளி ஏழெட்டு மில்லிமீட்டர் கூடும். பத்தில் ஒரு பங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். அதோடு முன்டயரின் மேல் விழும் எடையின் பங்கும் குறைந்திருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவில் வண்டி நாம் நினைத்த கோட்டில் நில்லாமல் வெளிப்புறமாக நழுவிச் செல்கிறது. போதாக்குறைக்குக் கால்மிதியும் சைடு ஸ்டாண்டும் தரைக்கு நெருங்கிவிடுவதால், சாய்த்துத் திருப்புவதற்கான இடமும் குறைந்துபோகிறது.

வெளிப்புறம் என்றால் எது? நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். இடப்பக்க வளைவில் வெளிப்புறம் என்பது எதிரே பேருந்து வரும் பக்கம். வலப்பக்க வளைவில் வெளிப்புறம் என்பது தார் முடிந்து சரளை தொடங்கும் விளிம்பு. ஓர் அங்குல உயரம் என்று இதை அலட்சியம் செய்ய முடியாததன் காரணம் இதுவே.

என் வீட்டில் இதை முதலில் கவனித்தவர் என் மனைவிதான். மஃரிபுக்குப் பிறகு புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு அவருடைய தாயார் வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தோம். இருவருக்கும் நடுவே ஒரு துணிப்பை, பின்னால் கட்டிய ஒரு மூட்டை. "என்னங்க, நம்ம லைட்டு ரோட்டைக் காட்டாம புளியமரத்துக் கெளையையல்ல காட்டுது?" என்றார். பார்த்தேன், உண்மைதான். தனியாகச் செல்லும்போது சாலையில் விழும் ஒளி, இப்போது மரக்கிளைகளில் விழுந்துகொண்டிருந்தது. வண்டி மல்லாந்திருப்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பின்பாரம் ஏறியதும் உங்கள் விளக்கொளி எங்கே விழுகிறது என்று நீங்களும் ஓர் இரவு பாருங்கள்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் வளையத்தை உயர்த்தி வைக்கச் சொன்னேன். "வேணாம் ஹஜ்ரத், அதை ஏத்துனா ஸ்பிரிங் கட்டையாயிரும். தூக்கித் தூக்கி அடிக்கும். அம்மாவுக்கு முதுகு வலி வந்துரும்" என்று தடுத்தார். கைதேர்ந்த தொழிலாளி அவர். எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை நான் உடனே ஏற்கவில்லை. ஏற்காமல் இருப்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? அதை வீட்டு முற்றத்திலேயே தேடினோம்.

என் மகள் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். தாயாரின் தையல் மேசையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். பின்சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே இருக்கையின் கீழ்விளிம்பு வரை அளப்பது என்று முடிவு செய்து, விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அடையாளம் இட்டாள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியபோது அளவு 420 மில்லிமீட்டர். வளையம் இரண்டாம் படியில் இருந்தது. நான் மட்டும் அமர்ந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் முன்னால் வண்டியைப் பிடித்துக்கொள்ள, 398. மனைவியும் பையோடு ஏறி அமர்ந்தபோது 371. ஆக, தனியே சென்றால் 22 மில்லிமீட்டர் தாழ்வு. இருவர் சென்றால் 49. இத்தகைய வண்டிகளில் பின்சக்கரம் மேலும் கீழும் ஆடக்கூடிய தூரமே ஏறத்தாழ 80 மில்லிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் வண்டி நின்ற நிலையிலேயே செலவாகிவிட்டது. எஞ்சியிருக்கும் சொச்சத்தை வைத்துக்கொண்டுதான் அது பள்ளம் மேடுகளைச் சமாளிக்க வேண்டும்.

பிறகு வளையத்தை நான்காம் படிக்கு ஏற்றினோம். வண்டியோடு தரப்படும் கருவிப் பையில் பிறை போல வளைந்த, முனையில் கொக்கியுள்ள ஒரு ஸ்பேனர் இருக்கும். பலர் அதை என்னவென்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதை வளையத்தின் பள்ளத்தில் மாட்டித் திருப்பினால் போதும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் நான்கு என்று இருந்தால் பின்சக்கரத்தைத் தாங்கும் கை முறுக்கப்படும்.

மீண்டும் அளந்தோம். நான் மட்டும் அமர்ந்தபோது 412. இருவரும் அமர்ந்தபோது 385. மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தா, ரெண்டு தடவையும் வித்தியாசம் இருபத்தேழுதான்!" என்றாள். ஆம், 398இலிருந்து 371 வரை 27. 412இலிருந்து 385 வரையும் 27. அவளுடைய தாயாரின் எடையும் பையின் எடையும் இரண்டாம் படியில் வில்லை எவ்வளவு அமுக்கினவோ, அவ்வளவேதான் நான்காம் படியிலும் அமுக்கின. ஒரு வில் அமுங்கும் தூரம் அதன் மேல் ஏற்றும் எடைக்கு ஏற்ப அமையும் என்று ஹூக் என்னும் அறிஞர் பெயரால் அவள் பாடப் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. சீராகச் சுற்றிய வில்லின் கடினம் வளையத்தைத் திருப்புவதால் மாறுவதில்லை. வில் கட்டையாகவில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் 14 மில்லிமீட்டர் கூடியது. மெக்கானிக்கிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அப்ப தனியா போறவங்க கட்டையா இருக்குன்னு சொல்றது ஏன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. விடையும் அதே பக்கத்தில் இருந்தது.

நான்காம் படியில் நான் தனியே அமர்ந்தால் தாழ்வு வெறும் 8 மில்லிமீட்டர். சாலையில் ஒரு குழி வந்தால் சக்கரம் அதற்குள் இறங்கித் தரையைத் தொட வேண்டும். இறங்குவதற்கு 8 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால், அதற்கு மேல் சக்கரத்தால் கீழே நீள முடியாது. அந்தரத்தில் தொங்கி, மறுபடி தரையில் மோதும். அந்த மோதலைத்தான் கட்டையாக அடிக்கிறது என்கிறோம். நேர்ச்சாலையில் அது முதுகுக்குத் தொல்லை; வளைவில் அது அபாயம். சாய்ந்து திரும்பும்போது தரையைத் தொடாத டயர் எதைப் பற்றிக்கொள்ளும்? ஆகவே வளையத்தை ஏற்றி வைத்து அப்படியே மறந்துவிடுவதும் தீர்வன்று. பாரத்தோடு செல்லும்போது ஏற்றவும் தனியே செல்லும்போது இறக்கவும் வேண்டும். சக்கரம் ஆடும் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் தாழ்ந்திருப்பது நல்லது என்பது இத்துறை அறிந்தவர்கள் கடைப்பிடிக்கும் பொது அளவு. என் வண்டியில் தனியே 22 என்பது அதற்குள் அடங்குகிறது. இருவரோடு நான்காம் படியில் 35 என்பது சற்று அதிகம்தான். ஆனால் 49ஐ விட எவ்வளவோ மேல்.

ஒருவகையில் இது சொகுசு கொண்டுவந்த சிக்கல். பழைய காலத்து மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. இருக்கைக்கு அடியில் மட்டுமே வில். எத்தனை பேர் ஏறினாலும் பின்பாகம் தாழாது. ஏறியவரின் இடுப்புதான் ஒடியும். 1948-49இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் தமது புல்லட்டில் மேலும் கீழும் ஆடும் பின்கையையும் எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்ஸார்பர்களையும் பொருத்தினர். அந்தப் புல்லட்தான் 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா வழியாகச் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்து நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடியது. இடுப்பு பிழைத்தது, உயரத்தைக் கவனிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

இந்த உயரத்தை ஒரு கலையாகவே பயில்பவர்கள் பந்தய வீரர்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் ஒன்று 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. வளைவுகளில் வண்டி விரைந்து திரும்ப வேண்டுமென்று பந்தய வண்டிகளில் பின்பாகத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்துவார்கள்; அல்லது முன் ஃபோர்க்கின் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் தாங்கியில் சற்று மேலே தள்ளி முன்பாகத்தைத் தாழ்த்துவார்கள். ஒரு மாற்றம், ஒரு சுற்று, பிறகு நேரக் கணக்கு என்று படிப்படியாகத்தான் செய்வார்கள். உலகப் பந்தயங்களில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 செப்டம்பரில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஓடிய மோட்டோ ஜி.பி. வண்டிகளில், நேர்தடத்தில் பின்பாகத்தைத் தாழ்த்தவும் வளைவுக்கு முன் பழைய உயரத்துக்குக் கொண்டுவரவும் தனிக்கருவியே இருந்தது. தாழ்ந்த வண்டி நேரே பாயும், வளைவில் திரும்பாது. அதனால்தான் அவ்வளவு பாடு. 2027 முதல் இத்தகைய கருவிகளுக்கு இடமில்லை என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

இதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட நம் இளைஞர்கள் சிலர், பின்பாகத்தை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர்; கோட்டைப்பட்டினத்துப் பக்கம் வீடு. வளைகுடாவில் மூன்றாண்டுகள் உழைத்துத் திரும்பியவர் திருமணத்துக்கு முன் வண்டி வாங்கினார். அதன் ஷாக் அப்ஸார்பர்களைக் கழற்றிவிட்டு, நீளங்கூடிய வேறு இரண்டைப் பொருத்தினார். பின்பாகம் இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்கி நின்றது. பார்ப்பதற்குப் பாயப்போகும் சிறுத்தை போல இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நம் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். சாய்வும் இடைவெளியும் குறைகின்றன; எடை முன்னே சரிகிறது; பிரேக் பிடித்தால் முன்பாகம் மேலும் தாழ்ந்து இன்னும் குறைகின்றன. வேகத்தில் கைப்பிடி நடுங்குவதாக அவரே சொல்லிக்கொண்டிருந்தார். திருமணமான இரண்டாம் மாதம், மணமேல்குடியைத் தாண்டி ஒரு வளைவில் மணல் கிடப்பதைக் கண்டு முன்பிரேக்கைப் பிடித்திருக்கிறார். கைப்பிடி உள்ளே மடங்கியது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் ஏழு தையல். எதிரே வாகனம் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பார்க்கப் போயிருந்தேன். அவருடைய உம்மா என்னைக் கண்டதும், "நீங்களாச்சும் சொல்லக் கூடாதா ஹஜ்ரத்து?" என்று அழுதார். சொல்லியிருந்தேன், அதை அந்த நேரத்தில் சொல்வது முறையா? மௌனமாக இருந்தேன். மாணவர் தாமாகவே, "பழைய ஷாக்கு ரெண்டும் வீட்ல பத்திரமா இருக்கு ஹஜ்ரத்" என்றார். கட்டுப் பிரித்ததும் அவற்றையே பொருத்திக்கொண்டார். அந்தப் பெண் மறுபடி அதில் ஏறி அமர நான்கு மாதங்கள் ஆயின.

வளையம் எல்லாவற்றுக்கும் மருந்தன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு இடமளிக்கிறது. முன்னால் பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு பிள்ளை, நடுவே ஒரு பிள்ளை, பின்னால் தாய் என்று நால்வராகச் செல்லும் வண்டியை ஐந்தாம் படியும் காப்பாற்றாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை அழைத்துச் சென்றால், குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022இல் விதி வெளியிட்டு 2023 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் தெருக்களில் அந்தப் பட்டையைக் காண்பது அரிது. மூட்டையைக் கட்டும்போது அச்சுக்குப் பின்னால் தொங்கவிடாமல் முடிந்தவரை முன்னே தள்ளிக் கட்டுங்கள். பின்டயருக்கு இருவர் செல்லும்போது கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது.

ஷாக் அப்ஸார்பரே கெட்டுப்போயிருந்தால் வளையத்தைத் திருப்பிப் பயனில்லை. வண்டியின் பின்பாகத்தைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் நல்லது. இரண்டு மூன்று முறை ஊஞ்சல் போல ஆடினாலோ, தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் அந்த வளையம் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் தட்டித் திருப்ப முயலாதீர்கள், படி உடைந்துவிடும். மண்ணெண்ணெய் அல்லது துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கொக்கி ஸ்பேனரால் மெல்ல அசைத்தால் இளகும். இளகியபின் துருவைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவி வையுங்கள்.